வன்னியிலிருந்து ஒரு சட்டக் கட்டுரை: எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படித்து, பயிற்சி முடித்து, இப்போது ஆய்வுக் கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் காணியைப் பற்றி, காணாமற்போனவர்களைப் பற்றி, வன இலாகா நட்ட எல்லைக்கல்லைப் பற்றி எங்கள் பிள்ளைகளே அடிக்குறிப்போடு எழுதுவது எனக்குப் பெரிய விசயம். ஆனால் எழுதி முடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எந்த ஜேர்னலுக்கு இம்பக்ட் பக்டர் கூட?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பது என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதற்கு முன்னம் எதைப் பார்க்க வேண்டும், இருக்கிற இடங்களில் எது எந்தக் கட்டுரைக்குப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு இதழ் 2022, 2023 இரண்டு வருடமும் சேர்த்து 40 கட்டுரை போட்டது, அவற்றை 2024இல் மற்றவர்கள் 60 தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஐ 40ஆல் பிரித்தால் 1.5, அதுதான் அந்த இதழின் 2024ஆம் ஆண்டு இம்பக்ட் பக்டர், தமிழில் தாக்கக் காரணி. யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது, 1975இலிருந்து ஆண்டுக்கணக்காக வெளிவருகிறது, இப்போது கிளாரிவேட் கம்பனி வெளியிடுகிறது. மருத்துவத்திலும் உயிரியலிலும் ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்த வருடமே இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவார், அங்கே இரண்டு வருடக் கணக்கு ஓரளவு பொருந்தும். சட்டத்தில் பொருந்தாது. முல்லைத்தீவில் போட்ட ஒரு காணி வழக்கு தீர்ப்பாகி, மேன்முறையீடு போய், கொழும்பில் முடிய எத்தனை வருடம் போகும் என்று வழக்காடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வழக்கின் கடைசிக் கட்டத்தில் ஒரு நீதியரசர் உங்கள் கட்டுரையை எடுத்துக் காட்டினால் ஒரு சட்ட ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய தாக்கம் என்ன இருக்கிறது? ஆனால் தீர்ப்பில் வந்த மேற்கோள் இந்தக் கணக்கில் ஏறாது. கிளாரிவேட்டின் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்ட வெளியீடுகளில் வந்த மேற்கோள் மட்டும்தான் எண்ணப்படும்.

சட்டக் கட்டுரை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு வெளியே போய் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1890இல் ஹார்வர்ட் லோ ரிவியூவில் வாரனும் பிராண்டைஸும் தனியுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்ன புட்டசாமி வழக்கில் அந்தக் கட்டுரை பேசப்படுகிறது. 127 வருடம். இரண்டு வருடக் கணக்கு இதை எப்படிப் பிடிக்கும்? அதனால்தான் நல்ல சட்ட இதழ்களில் பலவற்றுக்குக்கூட இந்தக் காரணி ஒன்று, இரண்டு என்று சின்ன எண்ணாக இருக்கிறது. 0.8க்கும் 1.3க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வைத்து உங்கள் இரண்டு வருட உழைப்பை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்காதீர்கள்.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? அந்த இதழ் எதைப் பற்றி யோசிக்கிறது என்பதைப் பாருங்கள். இதழின் இணையத்தளத்தில் "நோக்கமும் பரப்பும்" என்று ஒரு பக்கம் இருக்கும், அதை வாசிப்பது போதாது, அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் வரவேற்கிறோம் என்றுதான் எழுதியிருப்பார்கள். கடைசி மூன்று வருட உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து வைத்து, அதில் உங்கள் விசயத்துக்குக் கிட்டிய இரண்டு மூன்று கட்டுரையை எடுத்து, அவற்றின் அடிக்குறிப்பை மட்டும் வாசியுங்கள். அடிக்குறிப்பு பொய் சொல்லாது. இலங்கையின் நியூ லோ ரிப்போர்ட்ஸ் தீர்ப்புகளும் கட்டளைச் சட்டங்களும் நிறைந்திருந்தால் அந்த இதழை வாசிக்கிறவர் வழக்கறிந்தவர். மெய்யியலாளர்களும் சமூகவியலாளர்களும் நிறைந்திருந்தால் அங்கே கோட்பாடு கேட்பார்கள். ஐ.நா. அறிக்கைகளும் கள நேர்காணல்களும் இருந்தால் அது கொள்கை வகுக்கிறவர்கள் வாசிக்கிற இடம். உங்கள் கட்டுரையின் அடிக்குறிப்பு இவற்றில் எதைப் போல இருக்கிறதோ அங்கேதான் அது சேரும்.

ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வடிவாக விளங்கும். உருத்திரபுரம், முத்தையன்கட்டு மாதிரிக் குடியேற்றத் திட்டங்களில் ஒரு குடும்பத்தை நினையுங்கள். காணி அரசுக் காணி, தகப்பன் பெயரில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற், அதாவது அனுமதிப்பத்திரம். தகப்பன் இறந்துவிட்டார், பின்னுரித்தாளர் என்று யாரையும் எழுதி வைக்கவில்லை, பேர்மிற் இடம்பெயர்வில் போய்விட்டது. வீட்டில் மூத்தது மகள், அவள்தான் திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கி இருக்கிறாள், தம்பி வெளிநாட்டில். இந்தக் காணிக்கு வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பேசாது, அந்தக் கட்டளைச் சட்டத்துக்கென்றே தனியான பின்னுரிமை ஒழுங்கு இருக்கிறது, 2022இல் திருத்தும் வரைக்கும் அந்த ஒழுங்கு மகளைவிட மகனை முன்னுக்கு வைத்தது. திருத்தத்துக்கு முன்னம் இறந்த தகப்பனின் காணிக்கு எது பொருந்தும்? பக்கத்து வளவு தனியார் உறுதிக் காணி என்றால் பிரச்சினை வேறு. அங்கே வேறொருவர் பத்து வருடம் ஆண்டுவிட்டேன் என்று 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தைக் காட்டுவார், இவர்கள் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டத்தைக் காட்டி, போர் நடந்த 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லுவார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு தங்கச்சி நல்ல கட்டுரை எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். எங்கே அனுப்புவது?

மேலே இருந்து வருவோம். ஹார்வர்ட், யேல் மாதிரி அமெரிக்கப் பல்கலைக்கழக இதழ்களை நடத்துவது மாணவர்கள். கட்டுரையைத் தெரிவதும் அவர்கள்தான். ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம், பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், அடிக்குறிப்பு புளூபுக் என்ற அமெரிக்க மேற்கோள் முறையில் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அங்கே வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். இலங்கையில் பிறந்த அன்ரனி அங்கி 1999இல் ஹார்வர்ட் இன்டர்நேஷனல் லோ ஜேர்னலில் எழுதிய கட்டுரை, சர்வதேசச் சட்டத்தின் இறைமை என்ற எண்ணமே குடியேற்றவாதத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்று வாதாடியது. இன்றைக்கு உலகம் முழுக்க அதைப் படிப்பிக்கிறார்கள். ஆனால் அது சர்வதேசச் சட்டத்தின் அடித்தளத்தையே கேட்ட கேள்வி. பேர்மிற் காணிப் பின்னுரிமையை அமெரிக்க மாணவ ஆசிரியருக்கு விளங்கப்படுத்தவே கட்டுரையில் பாதி போய்விடும். மிச்சப் பாதியில் தங்கச்சி எதைச் சொல்லுவாள்?

அடுத்தது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் வெளியிடுகிற துறைசார் இதழ்கள். இதில் எங்கள் விசயத்துக்கு ஆகக் கிட்ட நிற்பது 2007இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஜேர்னல் ஒவ் ட்ரான்சிஷனல் ஜஸ்டிஸ், போர், அடக்குமுறைக் காலத்து அநீதிகளுக்குப் பிறகு நியாயம் தேடுகிற நிலைமாறுகால நீதிக்கென்றே உள்ள இதழ். சட்டத்தரணி மட்டுமல்ல, மானிடவியலாளர், உளவியலாளர், களத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அங்கே எழுதுவார்கள். காணாமற்போனோரைப் பற்றி எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் காட்டுவது இதைத்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் தொடங்கிய போராட்டத்தையும், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போனோர் அலுவலகத்தையும், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வந்த காணாமற்போனவர் என்ற சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் தாய்மார் அந்தச் சான்றிதழை வாங்க மறுக்கிறார்கள் என்று எழுதினால், அந்தக் கேள்வி ஆர்ஜென்டினாவிலும் பெருவிலும் உள்ள ஆய்வாளருக்கும் சொந்தக் கேள்வி. ஆர்ஜென்டினா 1994இலேயே இப்படியொரு சட்டம் கொண்டுவந்த நாடு. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் இலங்கைக் கதையை மட்டும் அனுப்பினால் திரும்பி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உள்ள மதிப்பாய்வாளர் கேட்கிற முதல் கேள்வி, இதிலிருந்து மற்ற நாட்டுக்காரர் என்ன எடுக்கலாம் என்பதுதான்.

ஆனால் தங்கச்சியின் காணிக் கட்டுரை? அதை அங்கே அனுப்பவும் முடியும், காணியை நிலைமாறுகால நீதியின் ஒரு பகுதியாகத் திருப்பி எழுதினால். அப்படி எழுதும்போது எதைக் கைவிட வேண்டி வரும் என்று யோசியுங்கள். எந்தப் பிரிவு எதோடு மோதுகிறது, திருத்தம் பழைய இறப்புகளுக்குப் பொருந்துமா, கழிக்கிற காலத்தை யார் நிரூபிக்க வேண்டும் என்ற நுணுக்கம் எல்லாம் அடிக்குறிப்புக்குப் போய்விடும். மாவட்ட நீதிமன்றத்தில் அந்த மகளுக்காக நிற்கிற சட்டத்தரணிக்குத் தேவைப்படுவது சரியாக அந்த நுணுக்கம். அவர் ஒக்ஸ்போர்ட் இதழைச் சந்தா கட்டி வாசிக்கப் போவதுமில்லை.

ஆசிய இதழ்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசியன் ஜேர்னல் ஒவ் இன்டர்நேஷனல் லோ 2011இல் தொடங்கியது, கேம்பிரிட்ஜ் வெளியீடு, சிங்கப்பூர் ஆண்டுமலர் ஒன்றின் தொடர்ச்சி. எல்லை தாண்டுகிற விசயம் உங்களிடம் இருந்தால் இது நல்ல இடம். மன்னார் மீனவரின் வலையை அறுக்கிற இழுவைமடி, 1974, 1976 இந்திய-இலங்கைக் கடலெல்லை ஒப்பந்தங்கள், இழுவைமடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், இதையெல்லாம் இணைத்து எழுதுகிற ஒரு கட்டுரையை இந்திய வாசகரும் தென்கிழக்காசிய வாசகரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், கொழும்பு மட்டும் வாசித்தால் காணாது. குளங்களைப் பற்றியும் அப்படித்தான். 1997இல் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா அணை வழக்கில் நீதியரசர் வீரமந்திரி சர்வதேச நீதிமன்றத்தில் எழுதிய தனிக் கருத்தில் இலங்கையின் பழைய குளங்களை நிலைபேறான அபிவிருத்திக்குச் சான்றாகக் காட்டினார், அதற்குப் பிறகு சுற்றுச்சூழல் சட்டம் எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவது குறைவு. வவுனிக்குளத்தையும் இரணைமடுவையும் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்த வாதத்தை இன்னும் நீட்டலாம், யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனிக் கொழும்பு. இங்கேதான் நான் கனநேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடம் 1989இலிருந்து சிறீலங்கா ஜேர்னல் ஒவ் இன்டர்நேஷனல் லோ என்ற இதழைக் கொண்டுவந்தது. சட்டத்தரணிகள் சங்கத்துக்கு ஒரு இதழ் இருக்கிறது. நீலன் திருச்செல்வம் உருவாக்கிய சட்டமும் சமூகமும் அறக்கட்டளை வெளியிட்டு வந்த ரிவியூ, அவசரகாலச் சட்டமும் மொழியுரிமையும் பற்றிய பல விவாதங்களைச் சுமந்தது. இவற்றில் எதற்கும் பெரிய எண் கிடையாது, சர்வதேசச் சுட்டிகளில் பெரும்பாலும் தெரியாது. ஆனால் யார் வாசிக்கிறார்கள்? மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வாதாடுகிறவர்கள், சட்ட வரைஞர்கள், சட்டம் படிப்பிக்கிறவர்கள். வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது, அதன்படி கீழே தமிழில்தான் வழக்கு நடக்கிறது, ஆனால் மேலே போகப் போக வாதம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. முல்லைத்தீவில் தமிழில் சொன்ன சாட்சியம் கொழும்பில் ஆங்கில எழுத்துச் சமர்ப்பணமாக நிற்கும்போது, அதை எழுதுகிற சிரேஷ்ட சட்டத்தரணி வன்னிக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவராக இருக்கலாம். அவர் கையில் பேர்மிற் காணியின் உண்மையான நிலைமையை, பிரிவு பிரிவாக, தீர்ப்புத் தீர்ப்பாகக் கொடுக்கிற ஆங்கிலக் கட்டுரை ஒன்று இருக்க வேண்டும். தேசவழமை வழக்குகளில் எச். டபிள்யூ. தம்பையா எழுதியதை இன்றைக்கும் தூக்கிக் காட்டுகிறார்கள் என்றால், அவர் எந்த இதழின் எண்ணையும் பார்த்து எழுதியதால் அல்ல. நீதிபதிக்கு வேண்டியதை நீதிபதி தேடுகிற இடத்தில் வைத்தார்.

ஆகவே தங்கச்சியின் காணிக் கட்டுரை கொழும்புக்குத்தான் போக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறையும் இருக்கிறது: சில இதழ் ஒழுங்காக வராது, பதில் வரப் பிந்தும், சில வேளை பிடிஎவ் இணையத்தில் கிடைக்காது. அனுப்ப முன்னம் கடைசி இதழ் எப்போது வந்தது, மதிப்பாய்வுக்கு விடுகிறார்களா, இணையத்தில் திறந்து கிடக்குமா என்று ஆசிரியருக்கு ஒரு இமெயில் போட்டுக் கேளுங்கள். இலங்கை இதழ்கள் பலவற்றைத் திறந்த முறையில் வைத்திருக்கிற சிறீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்திலும் ஒருக்கால் தேடிப் பாருங்கள்.

விரிவுரையாளராகப் போக நினைக்கிறவர்களுக்கு இது அவ்வளவு இலகுவான தெரிவு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பதவி உயர்வுப் புள்ளிக்குச் சுட்டியில் உள்ள இதழ் கனம் கூட, ஸ்கோபஸ் என்ற சர்வதேசச் சுட்டியில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அது நியாயமான கவலை, வீடும் பிள்ளைகளும் இருக்கிறவர் கொள்கைக்காக மட்டும் எழுத முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது, ஒரே ஆய்விலிருந்து இரண்டு வேறு கேள்வியை எடுங்கள் என்பது. சட்டப் பிரிவுகளின் மோதல் கொழும்புக்கு. திரும்பி வந்த பெண்களுக்குச் சட்டம் என்ன செய்தது என்ற ஒப்பீட்டுக் கேள்வி வெளிநாட்டு இதழுக்கு. ஒரே கட்டுரையைச் சொல்லை மாற்றி இரண்டு இடத்துக்கு அனுப்புவதைச் சொல்லவில்லை, அது பிடிபட்டால் பெயர் கெட்டுவிடும். அமெரிக்க மாணவ இதழ்களைத் தவிர மற்ற எல்லாரும் ஒரு நேரத்தில் ஒரு இடம் என்றுதான் கேட்பார்கள்.

காசு கேட்டு இமெயில் போடுகிற இதழ்களைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கும், மூன்று நாளில் ஏற்போம் என்பார்கள், கேள்விப்படாத ஒரு காரணி எண்ணைத் தலைப்பில் போட்டிருப்பார்கள். கிளாரிவேட்டின் இதழ்ப் பட்டியலும் ஸ்கோபஸின் பட்டியலும் இலவசமாகவே தேடலாம், இரண்டிலும் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல வெளிநாட்டு இதழ்களில் சந்தா முறையில் வருகிற கட்டுரைக்குப் பொதுவாக எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை. திறந்த முறையில் போடச் சொன்னால்தான் பெரிய தொகை, அதற்கும் கழிவு கேட்கலாம்.

இன்னொரு தெரிவு மிச்சம் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆக நெருக்கமானது. தமிழ். பிரதேச செயலகத்தில் இருக்கிற காணி உத்தியோகத்தர், கிராம சேவையாளர், மாதர் சங்கத் தலைவி, கீழ் நீதிமன்றத்தில் தமிழில் வாதாடுகிற இளம் சட்டத்தரணி, இவர்கள் யாரும் ஆங்கில இதழைத் தேடிப் போகமாட்டார்கள். அந்த மகள் தன் உரிமையைப் பற்றிக் கேட்கிற முதல் ஆள் இவர்களில் ஒருவர்தான். அந்த மேசையில் சொல்லப்படுகிற பிழையான ஒரு பதில், வழக்காகவே வராமல் ஒரு காணியை முடித்துவிடும். பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் கொண்டுவருகிற தமிழ் இதழ்களும், சட்டத்தரணிகள் சங்கக் கிளைகளின் ஆண்டு மலர்களும் இந்த வேலைக்குப் போதும், ஆனால் அங்கே எழுதுகிறவர்கள் பலர் அடிக்குறிப்பையும் தீர்ப்பின் பெயரையும் விட்டுவிட்டுப் பொதுவாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்குக் கொடுக்கிற அதே கவனத்தைத் தமிழுக்கும் கொடுங்கள், பிரிவு இலக்கம், தீர்ப்பு, ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும்.

அதனால் கொழும்பு இதழ் உங்கள் கட்டுரையை ஏற்றதும், பதிப்புரிமைத் தாளில் கையெழுத்துப் போட முன்னம் ஒரு வரி கேட்டு எழுதுங்கள்: இதே கட்டுரையைத் தமிழில் வேறிடத்தில் வெளியிடும் உரிமை எனக்கு இருக்க வேண்டும் என்று. பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதலில் வந்த இடத்தைக் குறிப்பிடச் சொல்லுவார்கள், குறிப்பிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அந்த உரிமை உங்களிடம் இல்லாமல் போயிருக்கும், அப்புறம் ஒவ்வொரு தரமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.